இரண்டு சைஸ் பெரிய ஸ்வெட்டர்

பாரிஸில் ஏப்ரல் மாதத்தில்கூடக் குளிரும் என்று சித்தி எழுதியிருந்ததால்தான் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் வாங்கப்பட்டது. குளிர்காலத்தில் நடைபாதையில் கடை போடும் திபெத்துக்காரப் பெண்மணியிடம் அம்மா அரைமணி நேரம் பேரம் பேசினாள். அண்ணனுக்கு அளவாக ஒரு நீல ஸ்வெட்டர். எனக்கு மட்டும் இரண்டு சைஸ் பெரியது. போட்டுப் பார்த்தபோது என் கைகளையே காணவில்லை.

"வளர்ற பொண்ணு" என்றார் அப்பா. அண்ணன் என்ன வளராத பையனா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பெரியது கிடைத்தால் லாபம்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பத்து. பிரேசர் டவுனில் இரண்டு அறை வீடு. அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். வேளாங்கண்ணிக்குப் போய்வந்ததையே நாங்கள் ஒரு வருடம் பேசுவோம். பாரிஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தது சித்தியால்தான். அம்மாவின் தங்கை அவள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கே போனவள். ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது ஒரு மாதம் முழுக்க எனக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, என்னைப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போனதும் நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்துத் தருவதாக எழுதினாள். பெரிய லீவில் மூன்று வாரம்.

வீடு கல்யாண வீடாகிவிட்டது. சித்தி அனுப்பிய பாரிஸ் வரைபடத்தை அண்ணன் சுவரில் ஒட்டினான். இரண்டாம் நாள் கோபுரம், மூன்றாம் நாள் ஆற்றில் படகு என்று அப்பா பழைய காலண்டர் தாளின் பின்புறம் எழுதினார். அண்ணன் கோபுரத்தை முதல் நாளுக்கு மாற்றச் சொல்லி இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து ஜெயித்தான்.

ஆனால் என் விஷயத்தில் மட்டும் எதுவும் பிடிபடவில்லை. பக்கத்துக் கான்வென்ட்டில் ஒரு வயதான சிஸ்டரிடம் பிரெஞ்சு கற்றுக்கொள்ள என்னை மட்டும் அனுப்பினார்கள். மூன்று வாரத்துக்கு எதற்குப் பிரெஞ்சு? அண்ணன் தானும் வருவேன் என்று அடம்பிடித்தான். "நீ இருக்கற இங்கிலீஷயே ஒழுங்கா படி, போதும்" என்று அப்பா முடித்துவிட்டார். சித்தியின் கடிதங்களும் என்னைப் பற்றியே கேட்டன. பால் குடிக்கிறாளா, தனியாகப் படுத்தால் இருட்டுக்குப் பயப்படுவாளா, இன்னும் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் தூங்குகிறாளா. அம்மா பதில் எழுத உட்காருவாள், இரண்டு வரி எழுதிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் போல என்று மெதுவாக நழுவிவிடுவேன்.

பள்ளிக்கூடம் மூடிய அன்று அப்பா வந்து ஆபீஸில் ஒரு தாள் வாங்கினார். ஹெட்மிஸ்ட்ரஸ் என் தலையைத் தடவிக் கொடுத்தார். பரிசுதான் என்று நினைத்து வீட்டில் அதை எடுத்து அண்ணனிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டுக் குதித்தான்.

"ஏய், இது டி.சி. தான்டி! நீ ஃபெயிலு. ஸ்கூல விட்டே தொரத்திட்டாங்க!"

அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். அம்மா சித்திக்காக அரைத்த மிளகாய்த்தூளைப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, நின்றபடியே படித்தாள். பிறகு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஃபெயிலானது அவளை இவ்வளவு பாதிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சாயந்திரம் அப்பா வந்ததும் எங்களை வாசலுக்குப் போய் விளையாடச் சொன்னாள். அண்ணன் போனான். நான் ஜன்னலடியில் நின்றேன்.

"வாக்கு குடுத்தது நீதானே? அங்க ஸ்கூல்ல கேக்கறாங்கன்னு உன் தங்கச்சி எழுதினா, வாங்கினேன். அவ தனி ரூமு, கட்டிலுன்னு எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கா" என்றார் அப்பா.

"குடுத்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா நாலு பேரா போயி மூணு பேரா திரும்பி வர என்னால முடியாதுங்க."

நான் கணக்கில் கெட்டிக்காரி. நாலில் ஒன்று போனால் மூன்று. அந்த ஒன்று அண்ணன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மேல்வீட்டு ஜன்னலைப் பந்தடித்து உடைத்தவன் அவன். ஹாஸ்டலில் விட்டுவிடுவேன் என்று அம்மா வாரத்துக்கு ஒருமுறை மிரட்டுவதும் அவனைத்தான். ஹாஸ்டலுக்குப் பதிலாகப் பாரிஸ். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது.

பயணம் நின்றுபோனது. அண்ணன் வரைபடத்தைக் கிழித்தான். நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். ஒரு வாரம் தாங்கினேன். எட்டாம் நாள் காலையில் எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தவளிடம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணன அங்க விட்டுட்டு நாம மூணு பேரும் திரும்பி வந்திருக்கலாம்ல? உனக்கு அவன்தான் செல்லம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே என் பிடரியில் முகத்தை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. கழுத்தெல்லாம் ஈரமாகிவிட்டது, சடையையும் மறுபடி பின்ன வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜூன் மாதம் அதே தாளோடு அதே பள்ளிக்கூடத்துக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். சித்தியிடமிருந்து இரண்டு வருடம் கடிதமே வரவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா கதவருகில் நிற்பாள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து எனக்குப் போட்டு, கை எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பாள். மூன்றாவது டிசம்பரில் அது சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. அம்மா அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இங்கயே வளந்துட்டடி" என்றாள்.

இங்கே வளராமல் வேறு எங்கே வளர்வதாம் என்று நினைத்துக்கொண்டே விளையாட ஓடினேன்.