அக்கா வீட்டு நீல டிரம்

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு வெள்ளைக்கல் ஆலையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, வரிசையாக நிற்கும் இரும்புத் தொட்டிகளில் விடுவார்கள். தொட்டிக்குள் விசிறி சுழன்று காற்றைக் கலக்கும். அதில் ஒரு ரசாயனத்தை ஊற்றுவது என் பொறுப்பு. அது கல்மாவில் கலந்திருக்கும் மைக்காத் துகள்களைப் பற்றிக்கொள்ளும். பிறகு அவை தண்ணீரில் ஒட்டாமல் குமிழிகளில் தொற்றி மேலே வந்துவிடும். திரளும் சாம்பல் நிற நுரையைத் துடுப்புகள் வழித்துத் தள்ள, அடியில் சுத்தமான வெள்ளை மாவு தங்கும். வேண்டாததைப் பிடித்துச் சேர்ப்பதால் அந்த ரசாயனத்தைக் கலெக்டர் என்பார்கள்.

பெயரில் இருந்த மரியாதை வாடையில் இல்லை. வெயிலில் அழுகிய மத்தி மீனை மூத்திரத்தில் ஊறப்போட்ட மாதிரி இருக்கும். குளிர்ந்த காலைகளில் அந்த ரசாயனம் நெய் போல உறைந்துவிடும். வெந்நீர்த் தொட்டியில் டிரம்மை நிறுத்தி உருக்கும்போது கிளம்பும் ஆவிக்கு மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வேன். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் அந்த வாடை தங்கியது. நான் கையால் சோறு பிசைவதையே விட்டுவிட்டேன். ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

காலியான நீல டிரம்களை அலசி, ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளைச் சுரண்டி எடுத்து, கேட் பக்கம் அடுக்கச் சொல்வார் மேனேஜர். நானே நின்று சுரண்டியிருக்கிறேன். பழைய சாமான் லாரி வந்து ஏற்றிப் போகும். எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் அக்காவை மலைமேலே வாழவந்தி நாட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. ஒரு ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினேன். என் கைதான் நாறுகிறது என்று முதலில் நினைத்தேன். கையை மாற்றிப் பிடித்தேன். வாடை சொம்பிலிருந்து வந்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய நுரை நின்றது.

"இந்தத் தண்ணி எங்க புடிச்சது?"

"பைப்புல வந்தது தான் கண்ணு. நாலு நாளைக்கு ஒருக்கா வருதுன்னு உங்க மாமா பேளுக்குறிச்சிச் சந்தையில டிரம்மு வாங்கியாந்தாரு. புது டிரம்முல்ல, அதான் கொஞ்சம் நுரை கட்டுது."

சமையலறைக்குப் பின்னால் அது நின்றது. நீல உடம்பில், காகிதத்தை நான் சுரண்டிய கத்தியின் கீறல்கள் சாய்வாக ஓடின. மூடியைத் திறந்ததும் ஆலைக்குள் நிற்பது போலிருந்தது. கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன். அக்கா விளையாட்டாக, "எத்தன மாசம்?" என்று சிரித்தாள். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. கேலி பண்ணிக்கொண்டே முதுகைத் தடவினாள். அந்தக் கைகளும் நாறின.

சொன்னேன். நான்தான் சுரண்டினேன் என்பதையும் சொன்னேன். அவள் டிரம்மின் மூடியை எடுத்துச் சாத்தினாள். பிறகு, "ரெண்டு மாசமா கொழந்தைங்க குடிக்குதுங்க. எந்நேரமும் வாய்ப்புண்ணு, வாய்ப்புண்ணுன்னு மணத்தக்காளி ஆஞ்சு குடுத்துட்டு இருந்தேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நாம ஸ்கிராப்புன்னு தானம்மா குடுக்கறோம். அவன் அதச் சந்தைக்குக் கொண்டுபோனா நாம என்னங்க பண்றது? கழுவித்தான குடுக்கறோம்?"

எண்ணெய் விரல்களைச் செய்தித்தாளில் துடைத்துவிட்டு அடுத்த வடையை எடுத்தார். கலெக்டர் வாடையை விட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மேசையின் இந்தப் பக்கம் மூன்று வருடம் நான் தலையாட்டி நின்றதும் அப்படித்தான்.

பழுது பார்க்கும் அறையில் டிரில் மிஷின் இருந்தது. கேட்டில் இருந்த அத்தனை டிரம்களின் அடியிலும் ஓட்டை போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. லாரிக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதை யாருங்க வாங்குவாங்க?" என்று திரும்பிப் போனார். சாயங்காலத்துக்குள் எனக்கு வேலை போனது. வாசலில் என் பையைத் திறந்து சோதித்தார்கள்.

அந்த வாரம் மாமாவும் நானும் அக்கா ஊரில் வீடு வீடாகப் போனோம். நான் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன், மாமா விஷயத்தைச் சொல்வார். இன்னும் மூன்று டிரம்கள் அகப்பட்டன. இரண்டு வீட்டில் உடனே கவிழ்த்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டு அம்மா, "வெயில்ல காய வெச்சா நாத்தம் போயிருமுங்க" என்றார். நான் டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அவர் மூக்கருகே பிடித்தேன். அவர் முகம் சுளித்தார். ஆனாலும் தண்ணீரைக் கீழே ஊற்ற மனம் வராமல் என்னையே பார்த்தபடி நின்றார். அடுத்த பைப்புத் தண்ணீருக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. தன் டிரம்மைக் கவிழ்த்துவிட்டுக் குடங்களில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் அக்கா இரண்டு குடம் சுமந்து வந்து இறக்கிய பிறகுதான் அந்த அம்மா டிரம்மைச் சாய்க்க விட்டார்.