ஆடிக்கு அழைத்து வந்தவள்

வேம்புலியம்மாளுக்குச் சாஸ்திரம் என்றால் சாஸ்திரம்தான். கள்ளிக்குப்பத்தில் அவள் நாற்று நட்ட வயல்களெல்லாம் மனைகளாகிப் போயின. அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீனில் பாத்திரம் கழுவப் போன பிறகும் நல்ல நாள், கெட்ட நாள் பார்ப்பதை மட்டும் விடவில்லை. ஒற்றை மகள் தாட்சாயிணியையும் அப்படித்தான் வளர்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா?

மருமகன் கலியமூர்த்தி அண்ணனூர்ப் பையன், வெளிநாட்டில் வெல்டர். தொண்ணூற்றொன்றில் லீவில் வந்து, ஆனி கடைசி முகூர்த்தத்தில் தாலி கட்டினான். ஒரு வாரத்தில் ஆடி பிறந்தது. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை, அது குடிக்கு ஆகாது என்று வேம்புலியம்மாள் மகளைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். அவன் சாயங்காலமானால் சைக்கிளில் வந்து எங்கள் தெருக் கைபம்பருகே நிற்பான். அவன் தண்ணீர் அடிப்பான். குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் இவள் பேசிக்கொண்டிருப்பாள். அவர்களுடைய குடித்தனம் அவ்வளவுதான். ஆடி முடியுமுன் அவன் விமானம் ஏறிவிட்டான்.

மனைவி என்று விசா கேட்டுப் போன இடத்தில், எத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் உள்ளதைச் சொன்னாள். ஒரு வாரம். மீதி நாள்? அம்மா வீட்டில். கடல் தாண்டி வந்த புருஷனை விட்டுவிட்டா? ஆடி மாசம் என்றாளாம். மொழிபெயர்த்தவர் அதை ‘வழக்கம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உண்மையான கல்யாணமாகத் தெரியவில்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பொய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் நிற்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் யார் வீட்டு வழக்கத்தை வைத்து யார் குடித்தனத்தை அளப்பது? கைபம்பருகே வந்து விசாரித்திருந்தால் தெருவே சாட்சி சொல்லியிருக்கும்.

வேம்புலியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. “நான்தானேக்கா இட்டுகினு வந்தேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறு வருஷமும் அவனுக்கு ஆடியில்தான் லீவு கிடைத்தது. தலைப்பிள்ளை பிறக்கும்வரை எந்த ஆடியும் ஆகாது என்பது அவள் கணக்கு. ஆனாலும் அவன் வந்த மறுநாளே மகளின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

“இன்னாடி இது, ஆடியில பொண்ண கொண்டும்போய் உடுற?” என்று எதிர்வீட்டுப் பொன்னியம்மா கேட்டாள்.

“சித்திரைல பொறந்தா பொறக்கட்டும். எது வந்தாலும் எனக்கு வரட்டும்” என்றாள் வேம்புலியம்மாள். அண்ணனூர்வரை போய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினாள்.

இந்தத் தடவை, லீவு முழுக்கச் சேர்ந்திருந்தோம் என்று தாட்சாயிணியால் சொல்ல முடிந்தது. விசா வந்தது. நியாயம் கிடைத்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தின வருஷமும் அவர்கள் இதே புருஷன் பெண்டாட்டிதானே.

சித்திரையில் அங்கே பேத்தி பிறந்தாள். அடுத்த ஆடியில் தெருவில் வீட்டுக்கு வீடு மகள்களை அழைத்து வந்தார்கள். வேம்புலியம்மாள் கைபம்பில் தனியாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

“கொயந்த நல்லாத்தான் கீதாம்க்கா” என்றாள். “எனக்குத்தான் இட்டுகினு வர பொண்ணு இல்ல.”