பனிக்கட்டி படக்கூடாத பெட்டி

பட்டிமன்ற மேடையில் நான் அஞ்சியதில்லை. எதிரணி எழுந்து நிற்கும்போதே அதன் வாதம் எந்த இடத்தில் ஒடியும் என்று கணித்துவிடுவேன். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைவரை என் குரல் போகும். அப்படிப்பட்டவன், சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் ஆய்வகப் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகு, பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சி ஒன்றைப் பிடித்தபடி தயங்கி நின்றேன்.

எதிரே படுத்திருந்தவர் கொத்தனார். உடலுறவால் தொற்றும் வெட்டை நோய், இருமுறை மருந்து கொடுத்தும் சீழ் நிற்கவில்லை. மனைவிக்கோ மாதம் நெருங்கிவிட்டது. தொற்று அவருக்கும் பரவி, பிரசவத்தில் குழந்தைக்கு ஒட்டினால் கண்பார்வையே போய்விடலாம். இந்தக் கிருமி எந்த மருந்துக்கு மடியும் என்பதை, அதை வளர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

"கொஞ்சம் வலிக்கும்ணே. மூச்ச இழுத்து வுடுங்க."

"வலி கெடக்குது தம்பி. சீக்கிரம் எடு."

குச்சியைச் சிறுநீர்த் துளைக்குள் செலுத்தி, மெல்லச் சுழற்றி எடுத்தேன். கிருமியை உயிரோடு வைத்திருக்கும் கருநிறக் கூழ் நிரம்பிய குழாயில் அதை இறக்கி மூடி, உறையிலிட்டு, டப்பாவில் அடைத்து, தெர்மாகோல் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்தேன். இரத்தக் குழாய்கள் பனிக்கட்டியோடு போகும், இது போகக்கூடாது. குளிர் பட்டால் இந்தக் கிருமி செத்துவிடும். நோய்க்கு அஞ்சிய நான், அந்தக் கிருமி உயிரோடு இருக்கவேண்டுமே என்றும் அஞ்சினேன்.

வளர்க்கும் வசதி கடலூரில்தான் இருந்தது. மாதிரிகளை எடுத்துச் செல்பவர் அன்று வராததால், என்னையே பேருந்தில் அனுப்பினார்கள்.

நிற்கத்தான் இடம் கிடைத்தது. நிற்பவரின் சுமையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பேருந்துகளின் வழக்கம். சன்னலோரம் இருந்த மீன்காரப் பெண்மணி, "குடு தம்பி" என்று கை நீட்டினார். மறுப்பதற்குள் பெட்டி அவர் மடியில் இருந்தது. அவர் காலடியிலும் அதே போன்ற தெர்மாகோல் பெட்டி.

"என்னாடா இது, காத்தாட்டம் இருக்குது? ஐஸே போடலியா? கடலூரு போறதுக்குள்ள மீனு நாறிடும். பொண்ணு வீட்டுக்கு எறா எடுத்துட்டுப் போறேன், ஐஸ் ஜாஸ்தியா கெடக்குது. ரெண்டு கட்டி போட்டுடறேன்."

"யக்கா, பஸ்ஸ மார்க்கெட்டாக்கிடாத!" என்றார் நடத்துநர்.

"நீ டிக்கெட்ட கிழி, போ!"

அவர் நகம் என் பெட்டியின் ஒட்டுநாடாவைப் பிரிக்கத் தொடங்கியது. மறு கையில் ஈரம் சொட்டும் பனிக்கட்டி. நோயின் பெயரைச் சொன்னால் பேருந்தே பதறி விலகும். பெட்டி கீழே உருளும். சொல்லாவிட்டால், கொத்தனாருக்கு எந்த மருந்து கேட்கும் என்று பிரசவத்துக்குள் தெரியாமலே போகும். அதுவரை நான் கற்ற முன்னுரை, மேற்கோள், அடுக்குமொழி எதுவும் வரவில்லை.

"அக்கா, தொறக்காதீங்க! ஆஸ்பத்திரி சாம்பிள். சில்லுனு ஆனா கெட்டுடும். பொறக்கப்போற ஒரு கொழந்தைக்காகக் கொண்டுபோறேன்."

என் குரல் கீச்சிட்டது. அவர் பனிக்கட்டியைச் சன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"மொதல்லயே சொல்றதுக்கு என்னாடா, வாயில கொழுக்கட்டையா?" பிரிந்த நாடாவை அழுத்தி ஒட்டினார். "எத்தினி மாசம்?"

"இதான் கடைசி மாசம்க்கா."

ஆலப்பாக்கம் தாண்டிப் பேருந்து குலுங்கிய இடங்களில் எல்லாம் பெட்டியை மடியிலிருந்து சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் அந்தக் கைகளையே பார்த்தபடி வந்தேன். எங்கேனும் கசிந்திருந்தால் என்ற புதிய அச்சம் தொற்றிக்கொண்டது. இறங்கும்போது, "கைய சோப்புப் போட்டுக் கழுவிடுங்கக்கா" என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார், தலையசைத்தார்.

ஆய்வகத்தில் உறைகளைப் பிரித்துப் பார்த்தார்கள், கசிவில்லை. சில நாள் கழித்துக் கடலூரிலிருந்து தொலைபேசி வந்தது: கிருமி வளர்ந்திருக்கிறது, அதைக் கொல்லும் மருந்தும் தெரிந்துவிட்டது. கணவன் மனைவி இருவரையும் உடனே சிகிச்சைக்கு அழைக்கச் சொன்னார் எங்கள் மருத்துவர்.

கொத்தனாரின் எண்ணை அழுத்தினேன். எடுத்தது பெண்குரல். மனைவியிடம் அவர் சொல்லியிருக்கிறாரா? நோயின் பெயரைச் சொல்லாமல், எங்கிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியா?" என்றது அந்தக் குரல், களைப்போடு. "என்னையும் கூப்புடுவாங்கன்னு அவரு சொன்னாரு. எப்ப வரணும்?"