தட்டு மறையும் ஆழம்

காலை ஏழு இருபது. முதலில் கண்ணில் பட்டது, பழுப்புத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைத் தட்டு. அதைக் கட்டியிருந்த குச்சி என் அண்ணனின் கையில் இருந்தது. குளத்தின் மேல் நீட்டிப் போட்ட பலகையில் அவர் குப்புறப் படுத்திருந்தார்.

மலேசியக் கடலோரச் சுங்கை செம்பிலாங்கில் அது அவருக்கு இரண்டாவது வருடம். அதற்கு முன் தோட்டத்தில், எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். இடப்பக்கக் கண்ணாடியை இரண்டு முறை மரத்தில் உரசிய பிறகு வேலை போயிற்று. அவசரக்காரர் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். பிறகு இந்தக் குளத்தை வாடகைக்கு எடுத்து, இங்கே சியாக்காப் என்று சொல்லும் கொடுவா மீன் வளர்த்தார். அவருக்கும் அண்ணிக்கும் வேறு வருமானம் இல்லை.

தட்டு, பக்கத்துக் குளத்துக்காரர் சொல்லிக்கொடுத்த முறை. முழங்கை ஆழம், அதாவது ஒரு முழம் வரை தட்டு தெரிந்தால் தண்ணீர் நல்லது. அதற்கு முன்பே மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது. மதகைத் திறந்து பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும்.

நான் ரவாங் நகரிலிருந்து வந்தது ஒரு கட்டுரைக்காக. நீருக்கடியில் மீனின் மூளை நிறத்தையும் வெளிச்சத்தையும் எப்படி அறிகிறது என்று ஞாயிறு பக்கத்துக்கு எழுத வேண்டியிருந்தது.

“வந்துட்டாங்கய்யா பேப்பர்காரி,” என்றார் அண்ணன், தலையைத் திருப்பாமல். “மீனுக்கு மூளை இருக்காம்லா. உன் ஆபீஸ்ல யாருக்காவது இருக்கான்னு பாத்தியா?”

“உங்களுக்கு இருக்கான்னு முதல்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க அண்ணே.”

படித்ததைச் சொன்னேன். தெளிந்த கடலில் சிவப்புதான் முதலில் மறையும். இதுபோன்ற கலங்கிய பழுப்பு நீரில் நீலம் முதலில் போய்விடும். மஞ்சளும் சிவப்பும்தான் கொஞ்சம் உள்ளே இறங்கும். மீனின் விழித்திரையில் வெவ்வேறு நிறத்துக்கு வெவ்வேறு செல்கள் இருக்கின்றன. அவற்றின் செய்தியைப் பார்வை நரம்பு நடுமூளையின் மேற்பகுதிக்குக் கொண்டுபோகிறது. வெளிச்சத்தின் நிறம் மாறினாலும், தங்கமீனின் மூளை அந்த மாற்றத்தைக் கழித்துவிட்டு, பொருளின் நிறத்தை முன்போலவே பார்க்கிறது.

“அப்ப தண்ணி கெட்டுப்போனா அதுக்குத் தெரியாதா?”

“கண்ணால தெரியாது போல.”

“அதுக்குத்தான் நான் இருக்கேன்,” என்று தட்டை மறுபடி இறக்கினார். குச்சி ஒரு சாண்கூட இறங்குமுன் நிறுத்தினார். “போச்சு. முழங்கைக்குப் பாதிகூட வரல. மூணு வாரமா இதே கதைதான்.”

பக்கத்தில் குனிந்து பார்த்தேன். எனக்குத் தட்டு தெரிந்தது. அதன் ஓரத்தில் பூச்சு பெயர்ந்திருந்ததும் தெரிந்தது.

“எனக்குத் தெரியுதே அண்ணே.”

“நீ நிக்கிற பக்கம் வெயில் இருக்குலா.”

வெயில் எங்கள் இருவருக்கும் முதுகுப் பக்கம் இருந்தது. ஆனால் ஒளி நீரில் சாய்ந்து விழும்போது என்ன ஆகும் என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். பார்க்கும் கோணம்தான் காரணம் என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, போய் மதகைத் திறந்தார்.

அந்த வாரம் முழுக்க மழை. மதகு வழியே வந்தது, செம்பனைத் தோட்டத்து வாய்க்கால்களில் தேங்கிக் கறுத்து, மீனுக்கு ஆகாததாகிப்போயிருந்த நீர். தட்டு அப்போதும் சீக்கிரமே மறைந்தது; அவர் மறுபடியும் திறந்தார். அந்த வாரத்திலேயே நான்காவது முறை திறந்த மறுநாள் காலை, மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. அண்ணி வலை போட்டு வாரிக் கரையில் கொட்டினார். அண்ணன் நேராக நடந்து வந்து அந்தக் குவியலில் காலை வைத்தார். அதன் பிறகுதான் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனோம்.

கண் அழுத்த நோய், நெடுநாளாக இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு பெரும்பாலும் செத்துவிட்டது. பார்வை போன இடத்தை, சுற்றிலும் தெரிவதைக் கொண்டு மூளையே நிரப்பிவிடும். அதனால்தான் பார்வை போவதே அவருக்குத் தெரியவில்லை. சொட்டு மருந்து மீதியைக் காப்பாற்றப் பார்க்கும். போனது திரும்பி வராது.

திரும்பும் வழியில், காரில் ஜெராம் ஊரைத் தாண்டினோம். பிறகு, “அப்ப தண்ணி நல்லாத்தான் இருந்துச்சா?” என்று அண்ணன் கேட்டார்.

“ஆமாண்ணே.”

“நீ தெரியுதுன்னுதானே சொன்ன.”

கோணத்தைப் பற்றி நான் சொன்ன பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கட்டுரை அதற்கு முந்தைய ஞாயிறே வெளிவந்துவிட்டது. மீனின் பார்வை நரம்பு அறுந்துபோனாலும் மறுபடி வளர்ந்து மூளையைச் சேரும் என்று ஐந்தாவது பத்தியில் எழுதியிருந்தேன். அண்ணி அதை முழுவதும் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியிருந்தார்.