என் மனைவிக்குப் பைத்தியம் இல்லை

என் மனைவி கண்ணுக்கு மட்டும் கூடத்தில் பிள்ளைகள் தெரிந்தார்கள். "ஏங்க, அந்தப் புள்ளைங்களுக்கு பிஸ்கட்டு குடுங்க" என்பாள். ஒருநாள் எங்கள் தெருவே அவளுக்குத் தெரியாது. மறுநாள் செய்தித்தாளின் குறுக்கெழுத்தை முழுதாக முடிப்பாள். கையும் லேசாக நடுங்கும். தூக்கத்தில் கத்தி என்னை உதைப்பது பல வருடப் பழக்கம். அதைத் தாம்பத்தியத்தின் பகுதி என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தம்பி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் ஏறி வந்து தீர்ப்பு வழங்கினான். "அக்காவுக்குப் பைத்தியந்தான் மாமா. தெரிஞ்ச டாக்டரு இருக்கறாரு." அந்த டாக்டர் அவளைவிடத் தன் செல்போனை அதிகம் பார்த்து, மனநோய்க்கான மாத்திரை எழுதினார். சில நாட்களில் அவள் கட்டையாக விறைத்தாள். கழுத்து திரும்பவில்லை, கஞ்சி இறங்கவில்லை.

"பாருங்க மாமா, எவ்ளோ அமைதியா இருக்காங்க!"

"பொணங்கூட அமைதியாதாண்டா இருக்கும்."

அடுத்து அதே மருந்தை ஊசியாகப் போடலாம் என்றார் டாக்டர். மைத்துனன் ஆட்டோவே பேசிவிட்டான். நான் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவளைப் புதுச்சேரிக்கு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

அந்த டாக்டரம்மாள் முதலில் கேட்டது: "கை நடுக்கம் மொதல்ல வந்துதா, புள்ளைங்க தெரியறது மொதல்ல வந்துதா?"

நான் பீங்கான் தொழிற்சாலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவன். விரிசலுக்குள் பளபளப்புப் பூச்சு இறங்கியிருந்தால், அது உருகும் முன்பே விட்ட விரிசல். விளிம்பு கத்தியாக இருந்தால் சூளை ஆறும்போது விட்டது. எது முந்தி என்று ஆயிரம் கோப்பைகளிடம் கேட்ட இந்தக் கேள்வியை என் வீட்டில் நான் கேட்கவில்லை.

பிள்ளைகள்தான் முதலில். நடுக்கம் பிறகுதான் என்றேன். பார்க்கின்சனில் நடுக்கமும் விறைப்பும் முந்தி வரும், புத்தி தடுமாறுவது வெகுகாலம் கழித்து. அல்சைமரில் பெரும்பாலும் ஞாபகம் முதலில் போகும். இப்படி ஒருநாள் தெளிவும் ஒருநாள் இருட்டுமாக இவ்வளவு மாறாது. இது லூயி பாடி டிமென்ஷியா, மூளையில் ஒருவகைப் புரதம் படிந்து புத்தி தடுமாறும் நோய் என்றார். தூக்கத்து உதையும் இதைச் சேர்ந்ததாம். இந்த நோய்க்காரர்களுக்கு அந்த மாத்திரை உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சொல்லி அதை நிறுத்தினார்.

விறைப்பு மெதுவாகத்தான் தளர்ந்தது. அவள் தானாகக் கஞ்சி விழுங்கிய காலையில் மைத்துனன் லட்டோடு வந்தான்.

"பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரு மாமா!" என்று சொல்லி, லட்டை உடைத்து அவள் வாயருகே கொண்டுபோனான்.

கையைத் தட்டிவிட்டேன். "இன்னும் தொண்டையில சரியா எறங்கல. எதையும் அவ வாயில போடாத. எடத்தக் காலி பண்ணு."

"நான் அவங்க தம்பி!"

"அதனாலதான் வாயால சொல்றேன்."

போனான். கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, அடுத்த கரண்டிக் கஞ்சியை ஆற்றினேன்.