பெர்னியின் பன்றி

"முதுக இன்னும் கொஞ்சம் வளை. கழுத்தத் தொங்கப் போடு. யோவ், எந்தப் பன்னியாவது வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குமா?"

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் எர்வின் குபேனா பன்றியாகிவிடுவான். ஆக்குகிறவள் அவன் மனைவி பெர்னி. தீவனக் கடைக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் நிலத்தின் கடைசி வேலியோரம் அவனை நான்கு காலில் நிற்கவைத்து, முதுகில் ஒரு காலிச் சாக்கைப் போர்த்தி, காற்றில் பறந்துவிடாமல் அதன் முனைகளை அவன் இடுப்பு பெல்ட்டில் செருகுவாள். கொஞ்சம் பின்னால் தள்ளிப் போய், தலையைச் சாய்த்து, மணப்பெண்ணுக்கு அலங்காரம் முடித்தவளைப் போல ரசித்துப் பார்ப்பாள். அப்புறம் பக்கத்தில் கட்டியிருக்கும் கன்றுக்குட்டிக்கு ஒரு தட்டு. கம்பிக் கூண்டில் உறுமும் நிஜக் காட்டுப்பன்றிக்கு ஒரு முறைப்பு. தங்கள் நாய் பெப்பிக்கு "உக்காருடி" என்று ஓர் அதட்டல். எல்லாம் முடிந்ததும், ஈரப் புல்லில் பூட்ஸ் சலசலக்க, இருநூறு கஜம் தள்ளியிருக்கும் கடைப் பக்கத்து வேலிக்குத் திரும்பி நடப்பாள். அங்கேதான் துப்பாக்கி மேல் மாட்டி இருட்டில் பார்க்கும் ஸ்கோப்பை வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள்.

துப்பாக்கிகள் அவரவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். ஸ்கோப்பை மட்டும் கழற்றி முக்காலியில் வைக்க வேண்டும். அது பெர்னியின் முதல் சட்டம். இருட்டில் அதன் வழியாகப் பார்த்து, வேலியோரம் இடமிருந்து வலமாக யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். வரிசை வாரத்துக்கு வாரம் மாறும். மனிதனை மனிதன் என்று சரியாகச் சொல்லிவிட்டால் பெர்னி தன் வண்டியின் முன்விளக்கை ஒரு தரம் மின்ன விடுவாள். எர்வின் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வான். தப்பாகச் சொன்னால் விளக்கு வராது. வரும்வரை பன்றி பன்றிதான்.

டெக்சஸின் அந்தப் பக்கத்தில் இரவில் பன்றி சுடாத விவசாயி கிடையாது. மக்காச்சோளம் விதைத்த அன்றைக்கே கூட்டமாக வந்து, சால் சாலாக மூக்கால் உழுது, ஒரு விதை விடாமல் தின்றுவிட்டுப் போகும் பிறவிகள் அவை. அதனால் மாட்டு மருந்துக்கும் முள்கம்பிக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இரவுக் கருவிகளையும் வைத்து விற்கிறது தீவனக் கடை. கல்லாவுக்குப் பின்னால் பெர்னி. கொண்டையில் பென்சில், மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொரு கண்ணாடி, பக்கத்தில் கசகசா வைத்த கொலாச்சே பன் பாதி கடித்தபடி.

"எவ்வளவு காசு வெச்சிருக்க?" என்று அவள் கேட்டு யாரும் கேட்டதில்லை. "ஒன் வயல்ல இந்த வேலிக்கும் அந்த வேலிக்கும் எவ்வளவு தூரம்?" என்பாள். "அந்த வேலிக்கு அப்பால யார் வீடு?" என்பாள். அதற்குப் பதில் தெரியாமல் வந்தவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். "போய் நடந்து பாத்துட்டு வா. பெட்டி எங்கயும் ஓடிடாது."

பதில் சொன்னவனுக்கு ஒரு வித்தை காட்டுவாள். கல்லா மேசையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துவிட்டு, தெர்மல் கருவியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வாள். வெறும் மேசையில் ஐந்து விரலோடு ஒரு கை வெள்ளையாக ஒளிரும்.

"என் கை அங்க இருக்கா?"

"தெரியுதே!"

"கை இங்க இருக்குடா. அங்க இருக்கறது சூடு. தெர்மல் சூட்டத்தான் பாக்கும். சூடு தெரியுது, சரி. யாருன்னு தெரியுதா?"

இந்தக் கடைசிக் கேள்வி ஊரில் பிரசித்தம். மாதா கோயில் மண்டபத்தில் போல்கா நடனம் நடக்கும்போதுகூட, தூரத்தில் வருகிற பெண்ணைக் காட்டி இளவட்டங்கள் "சூடு தெரியுது, யாருன்னு தெரியுதா?" என்று கிண்டலடிப்பார்கள். பெர்னி காதில் விழுந்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கையில் காசு குறைவாக இருக்கிறவனிடம்தான் அவளுக்குப் பேச்சு நீளும். "பெரிய தெர்மல் ஸ்கோப்ப ஏக்கமாப் பாக்காத. தேடறதுக்கு ஒரு சின்ன தெர்மல் கையில வெச்சுக்க. சுடறதுக்கு சாதா நைட் விஷன் துப்பாக்கி மேல மாட்டு. மொதல்ல சூட்டக் கண்டுபிடி, அப்பறம் அதுல மூஞ்சியப் பாரு. ரெண்டும் சேந்தே அதோட பாதி வெலதான். படத்தப் பெருசாக்கலாம்னு எவனாவது சொன்னா நம்பாத. பன்னி பெருசாகாது, படத்துல இருக்கற புள்ளிக் கட்டம்தான் பெருசாகும். கடையில கெடைக்கற சாதா பேட்டரி போடறதா வாங்கு. நடு வயல்ல சார்ஜரத் தேடிக்கிட்டா நிப்ப?"

ரோனி என்பவன் ஒருமுறை வாங்கின மறுநாளே தெர்மலைத் தூக்கிக்கொண்டு வந்தான். "செத்த கருவியக் குடுத்துட்ட பெர்னி. பன்னி ஒண்ணும் தெரியல. எதுக்கால எவனோ மங்கலா ஒருத்தன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். பேய் மாதிரி!"

"எங்கேர்ந்து பாத்த?"

"வண்டிக்குள்ளேர்ந்து. வெளிய குளிருதில்ல?"

"கண்ணாடிய எறக்கினியா?"

ரோனி கையிலிருந்த தெர்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தெர்மலுக்குக் கண்ணாடி செவரு மாதிரிடா. தாண்டிப் பாக்காது. நீ பாத்த பேய் யாரு தெரியுமா? கண்ணாடியில தெரிஞ்ச ஒன் மூஞ்சி."

கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரோனியும் சிரித்தான். பெர்னி பணத்தைத் திருப்பித் தரவில்லை. பாதி கொலாச்சேயைப் பிய்த்து அவன் கையில் வைத்தாள்.

சிரிக்கிற பெர்னியைத்தான் ஊருக்குத் தெரியும். சிரிக்காத பெர்னியைப் பார்த்தவன் எர்வின் ஒருவன்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பன்றி தோண்டிப் போட்ட சாலில் இன்னும் எத்தனை விதை மிச்சம் என்று விரலால் தடவியபடி, மசங்கின நேரத்தில் எர்வின் தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு மண்கட்டி வெடித்துச் சிதறியது. அதற்குப் பிறகுதான் வேட்டுச் சத்தம் வந்தது. பக்கத்து நிலத்திலிருந்து வெளியூர்க்காரன் ஒருவன் "பன்னின்னு நெனச்சேன், பன்னின்னு நெனச்சேன்" என்று கதறிக்கொண்டே ஓடிவந்தான்.

வீட்டுக்கு வந்த எர்வினின் சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, கைமடிப்பிலிருந்த மண்ணை ஒவ்வொரு பொட்டாக எடுத்தாள் பெர்னி. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கடைசிப் பொட்டையும் எடுத்த பிறகு, "அவன் கையில என்ன கருவி?" என்று மட்டும் கேட்டாள். எர்வின் சொன்னான்.

"அது நான் வித்தது."

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "அப்போ இனிமே வாங்க வர்றவனுக்கெல்லாம் நானே பன்னியா நிக்கறேன். பாத்துக் கத்துக்கட்டும்."

விளையாட்டாகச் சொன்னதை அவள் அடுத்த சனிக்கிழமையே சாக்கோடு வந்து நிஜமாக்கிவிட்டாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அந்த வேலிக்கு மிஸ்டர் ஆல்பின் வந்தார்.

ஆல்பின் சூலாக்கின் நிலத்தைத்தான் எர்வின் குத்தகைக்கு உழுகிறான். பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. விதைப்புக்கு முன் பெரியவர் வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனால் அந்த வருஷம் நிலம் அவனுடையது. இந்த வருஷம் விதை மூட்டை வந்து இறங்கிவிட்டது, அவர் கை இன்னும் வரவில்லை. ஹூஸ்டன்காரர்கள் சிலர் வேட்டைக்கென்றே அந்த நிலத்தை அதிக விலைக்குக் கேட்கிறார்கள் என்று கோயில் வாசலில் பேச்சு. நிலம் போனால் எர்வினுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

அதே பெரியவர் நகரத்துக் கடையில், எர்வினின் வண்டியைவிட விலை கூடின தெர்மல் ஸ்கோப் ஒன்றை வாங்கியிருந்தார். "அதெல்லாம் இருக்கட்டும் மிஸ்டர் ஆல்பின், பெர்னிகிட்ட பாஸ் பண்ணிட்டீங்களா?" என்று ரோனி வாயைக் கிளறிவிட்டான். பெரியவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்.

அன்று காலை அடுப்பருகே எர்வின் மெதுவாக ஆரம்பித்தான். "பெர்னி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்... அவர் என்ன சொன்னாலும் வெளக்கக் காட்டிடேன்."

அவள் தொத்திறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். "காட்டினா?"

"சந்தோஷமாப் போவாரு. நெலம் நெலைக்கும்."

"சந்தோஷமாப் போவாரு. நம்பிக்கையா சுடுவாரு." அடுப்பை அணைத்தாள். "அந்தச் சட்டையில இருந்த மண்ணு அவர் நெலத்து மண்ணுதான் எர்வின்."

தொத்திறைச்சியை அவன் தட்டில் வைத்துவிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை கடல் பக்கத்திலிருந்து மூடுபனி தாழ வந்திருந்தது. எர்வின் நான்கு காலில் நின்றான். கடைப் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாகக் கன்றுக்குட்டி, பெப்பி, கூண்டுப் பன்றி. கடைசியில் அவன். பெரியவருக்குக் காது மந்தம், அதனால் குரல் பெரிது. இருநூறு கஜம் தாண்டி ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"ஃபோகஸா? இதுக்கு அதெல்லாம் வேண்டாம்மா. வெல என்னன்னு தெரியுமா? மொதல்ல கன்னு. அடுத்தது நாய். அதுக்கடுத்தது பன்னி."

இனி எர்வின்தான் பாக்கி.

"கடைசில நிக்கறதும் பன்னிதான். நல்ல கொழுத்த ஆம்பளப் பன்னி! ஒரே போடுல விழுந்துரும்!"

யாரும் சிரிக்கவில்லை. எர்வின் இருட்டையே பார்த்தான். விளக்கு வரவில்லை.

ஒரு கையைத் தூக்கினால் போதும். காதைச் சொறிந்தாலே போதும். பெரியவர் புரிந்துகொண்டு, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சமாளித்துக்கொள்வார். குத்தகை நிற்கும், விதை மண்ணுக்குள் போகும், வீட்டில் அடுப்பு எரியும். அவன் வலது கை தானாகவே புல்லை விட்டு மேலே வந்தது.

அங்கே இருட்டில், இத்தனை ஆண்களுக்கு நடுவில், விளக்குச் சுவிட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு அதை அழுத்தாமல் நிற்கிறாளே ஒருத்தி! அவள் இழக்கப்போவது வேறு யாருடைய சோற்றையும் அல்ல, அவளுடைய சோற்றைத்தான்.  என் பெண்டாட்டி என்று அந்தப் பனியில் கத்த வேண்டும்போல இருந்தது எர்வினுக்கு. பன்றி கத்தக் கூடாது. தூக்கின கையை இறக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் சேற்றில் அழுந்தப் பதித்துக்கொண்டான்.

வண்டிக் கதவு ஒன்று படாரென்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. பெரியவரின் வண்டி உறுமிக்கொண்டு சாலையில் ஏறியது. பின்பக்கச் சிவப்பு விளக்குகள் பனியில் கரைந்துபோயின. நிலமும் அவற்றோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டான். முழங்கால் விறைத்துவிட்டது. விளக்கு இன்னும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில், மேய்ச்சல் நிலத்துப் பின்பக்கக் கேட் கிறீச்சிட்டது. ஒரு வண்டியின் வெளிச்சம் புல்லைத் தடவிக்கொண்டு அவனை நோக்கி வந்து நின்றது. ஆல்பின் சூலாக் இறங்கினார். சாக்குப் போர்த்திய முதுகையும், சேற்றில் புதைந்த கைகளையும், குளிரில் நடுங்கும் தாடையையும் ரொம்ப நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"சுட்டிருப்பேன்டா எர்வின்."

"தெரியும் மிஸ்டர் ஆல்பின்."

"கன்னு போடற மாட்டப் பாக்க என் பொண்ணு ராத்திரில இப்பிடித்தான் வேலியோரமா குனிஞ்சு கெடப்பா..." அந்தப் பெரிய குரல் பாதியில் உடைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வலது கையை நீட்டினார். வருஷா வருஷம் நீட்டுகிற அதே கை. "எழுந்திரு. குடு கைய. எப்ப வெதைக்கற?"

எர்வின் அந்தக் கையைப் பார்த்தான். தூரத்து வேலியைப் பார்த்தான். அங்கே இன்னும் இருட்டாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க மிஸ்டர் ஆல்பின். அவ இன்னும் வெளக்குக் காட்டல."

 பெரியவர் நீட்டிய கையை மடக்காமலே, அந்த இருட்டை நோக்கித் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில் கத்தினார்.

"மனுஷன், பெர்னி! மனுஷன்! நம்ம எர்வினு!"

விளக்கு வந்தது. எப்போதும் ஒரு தரம் மின்னிவிட்டு அணைகிற விளக்கு, எர்வின் எழுந்து, அவர் கையைப் பற்றிக் குலுக்கி, நொண்டி நொண்டி அந்த இருநூறு கஜத்தையும் நடந்து வேலிக்கு வந்து சேரும்வரை, அணையவே இல்லை.