கனடா கேட்ட அத்தாட்சி

போன சாரல் காலத்தில் நானும் என் மனைவியும் தென்காசியில் ஒரு படம் பார்த்தோம். பள்ளியில் காதலித்துப் பிரிந்த இருவர் பல வருடம் கழித்து ஏதோ வெளிநாட்டு ரயில் நிலையத்தில் சந்திக்கிறார்கள். பனி கொட்டுகிறது. நாயகன் மெல்லிய சட்டையோடு பாடுகிறான். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் மனைவி என் பக்கம் சாய்ந்து, "இவனுக்கு மட்டும் எப்படி விசா குடுத்தான்?" என்று கேட்டாள்.

அவளுக்கு அதுதான் கவலை. கனடாவில் நர்ஸாக இருக்கிறாள். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, திருப்பூர், கொச்சி, சூரத் என்று சுற்றி, கடைசியில் வேன் ஓட்டியவன். ஒரு சவாரியை அழைத்துவரத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சவாரி, பல வருடம் முன்பு ஊரில் என்னைப் பிரிந்த அவளேதான். படமாக இருந்தால் அங்கே வயலின் வாசித்திருப்பார்கள். அவள் "ஏசி ஓடுமா?" என்றாள்.

அடுத்த விடுமுறையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். என்னை அழைத்துக்கொள்ள அவள் போட்ட மனு திரும்பி வந்துவிட்டது. எங்கள் உறவு உண்மையானது என்று நம்ப ஆதாரம் போதவில்லையாம்.

விசா ஏஜெண்ட் தலையில் கை வைத்தார். "சின்ன வயசுப் பழக்கம்னு எழுதியிருக்கீங்க சார். ஒரு போட்டோ கூடவா இல்ல?"

எப்படி இருக்கும்? அச்சன்புதூர் பஸ்ஸில் அவள் முன்பக்கம் ஏறினால் நான் பின்பக்கம் ஏறுவேன். குற்றாலத்துக்கு ஒன்றாகப் போனோம் என்றால் பெண்கள் பக்கம் அவளும் ஆண்கள் பக்கம் நானும் குளித்தோம் என்று அர்த்தம். பிறகு அவள் வீட்டார் பழம் வாங்கும் கடையில் ஈரத்தலையோடு எதிரெதிரே நின்று ஆளுக்கொரு தடவை மங்குஸ்தான் விலை கேட்போம். ஊருக்குத் தெரியாமல் இதை நடத்தியதில் எங்களுக்குப் பெருமை வேறு.

"யாருக்குமே தெரியாதா சார்?"

"கடைசியில அவ அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. மார்க்கெட் வாசல்ல வச்சு என்னை அடிச்சாரு."

ஏஜெண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரமாதம் சார்! அதை அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

அண்ணன் இப்போது ஆலங்குளத்தில் போலீஸ் ஏட்டு. திருமணத்துக்குப் பிறகு எங்களோடு அளவாகப் பேசுவார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் எப்பலே ஒன்ன அடிச்சேன்?"

"மார்க்கெட் வாசல்ல அத்தான்."

"ஏலே, போலீஸ்காரன் அடிச்சேம்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பானா? எந்த ஊர்ல நடக்கும்?"

வேண்டுமானால் இருவரும் சிறு வயதிலிருந்தே பழகியது தெரியும், குடும்பத்தில் எதிர்ப்பு ஏதும் இல்லை என்று எழுதித் தருவதாகச் சொன்னார். தந்தார். ஏஜெண்ட் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எதிர்ப்பே இல்லன்னா அப்பவே ஏன் கல்யாணம் பண்ணலன்னு கேப்பான் சார். நமக்கு அடிதான் வேணும்."

அவள் விடுமுறை முடியப் போகிறது. மறுபடி ஆலங்குளம் போனோம். இந்த முறை அவள் பேசினாள்.

"ஏண்ணே, எதிர்ப்பே இல்லன்னு எழுதுதியே, அப்போ இத்தன வருசமா அந்தக் குளிர்ல நான் தனியாக் கெடந்தது கோட்டி புடிச்சா?"

அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நான் டிப்பார்ட்மெண்ட்ல சேரலல்லா?" என்றார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "சேரல." முகம் தெளிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. வழக்கு எழுதிப் பழகிய கை. சம்பவ இடம், மேற்படி நபர் நின்ற திசை, இடது கன்னம், செருப்பு அறுந்தது, எல்லாம் வந்தது. எழுதி முடித்து உரக்க வாசித்தார். மூன்று அடி என்று இருந்தது.

"ஒண்ணுதான அத்தான்?"

"அடிச்சவனுக்குத் தெரியாதாலே?"

"மூணாவே இருக்கட்டும்," என்றாள் என் மனைவி. "விசா சீக்கிரம் வரும்."

கடைசியில் அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார். தன் தங்கை மேல் வைத்த பிரியத்தால் மேற்படி நபர் திருப்பி அடிக்கவில்லை. அதை வாசிக்கும்போது மட்டும் குரல் இறங்கியது. அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

உண்மையில் அன்று அவருக்குப் பின்னால் நாலைந்து தடியர்கள் நின்றிருந்தார்கள். நான் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தை மாதம் விசா வந்தது. அந்த வரிதான் வேலை செய்தது என்கிறார் ஏஜெண்ட்.